மறைந்துபோன கிளை ரயில் பாதையைக் கண்டறிவது எப்படி: சென்னையில் இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கிளைப் பாதையில் வண்டி நின்றுவிட்டால் அந்தப் பாதை மறுநாளே மறைந்துவிடுவதில்லை. அது சிறுகச் சிறுகத்தான் அழிகிறது, அந்த அழிவிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் போவது கைகாட்டி மரமும் தந்திக் கம்பியும். தண்டவாளம் நல்ல விலைக்குப் போகும் இரும்பு என்பதால் அதை ரயில்வே நிர்வாகமே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். ஸ்லீப்பர் கட்டைகள் ஏலத்தில் போகும். ஜல்லியை அக்கம்பக்கத்தார் வீட்டு வேலைக்கு அள்ளிக்கொள்வார்கள். நிலையத்தின் கதவு, சன்னல், ஓடு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுபோக, சுவர் மட்டும் சில மழைக்காலங்கள் நிற்கும். அதன் பிறகும் எஞ்சுபவை மண் கரை, சிறுபாலங்களின் கல் தூண்கள், நிலத்தின் எல்லைக்கோடு, ஊரார் வாயில் ஒட்டிக்கொண்ட பெயர் ஆகிய நான்கும்தாம். ஆகவே தேடிப் போகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: எது கடைசியில் அழியுமோ அதை முதலில் தேட வேண்டும். தண்டவாளத்தைத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள். முதல் சில முயற்சிகளில் நானும் அப்படித்தான் திரும்பினேன்.

உயிரோடிருக்கும் ஒரு கிளையை முதலில் பார்த்துவிடுங்கள்

மறைந்த பாதையைத் தேடும் கண் பழக வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் கிளை ஒன்றில் ஒருமுறை பயணம் செய்வது நல்லது. சென்னைக்காரருக்கு அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மேற்கு வழித்தடத்தில் ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம் இராணுவ சைடிங் வரை செல்லும் புறநகர் மின்வண்டியில் ஏறி, சன்னலோரம் அமர்ந்துகொண்டால் போதும். முதன்மைப் பாதையிலிருந்து கிளை பிரியும் இடத்தில் வண்டி வேகத்தைக் குறைப்பதையும், வளைவு மெல்லத் தொடங்கிப் பின் இறுகுவதையும், இரண்டு பாதைகளுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு நிலத்துண்டு சிக்கிக்கொள்வதையும் கவனியுங்கள். அந்த முக்கோணம் முக்கியமானது. கிளை மறைந்து ஐம்பது ஆண்டு கழிந்த பிறகும், சந்திப்பு நிலையத்துக்கு அருகே வீட்டு மனைகளுக்கு நடுவே கோணலாக ஒரு துண்டு நிலம் யாருக்கும் உதவாமல் கிடந்தால், அங்கேதான் பாதை பிரிந்திருக்கும் என்று நீங்கள் பின்னாளில் ஊகிப்பதற்கு அதுதான் அடையாளம். இராணுவப் பகுதிக்கு அருகில் படம் எடுக்க வேண்டாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கண்ணால் பார்த்தாலே போதும்.

எந்தக் கம்பெனி, எந்த அகலம்

ஏட்டைப் புரட்டுவதற்கு முன்பே, தேடும் பாதையை அமைத்த நிர்வாகம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஆவணங்கள் அந்தப் பெயரின் கீழ்தான் கிடக்கின்றன. சென்னையைப் பொறுத்தவரை திசையை வைத்தே பாதிக் கேள்விக்கு விடை கண்டுவிடலாம். வடக்கும் மேற்கும் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் எல்லை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டிப் போக்குவரத்தைத் தொடங்கியது அந்தக் கம்பெனிதான். 1908இல் அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ஆயிற்று. தெற்கே போகும் பாதைகள் சவுத் இந்தியன் ரயில்வேயைச் சேர்ந்தவை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா, கர்நாடிக் என்ற இரண்டு கம்பெனிகள் 1874இல் இணைந்து பிறந்த அந்த நிர்வாகம் எழும்பூர் நிலையத்தை 1908 ஜூன் 11 அன்று திறந்தது. 1951 ஏப்ரல் 14 முதல் எல்லாம் சதர்ன் ரயில்வே. ஆக, 1930இல் திறந்த கிளை ஒன்றின் தாள்களைத் 'தெற்கு ரயில்வே' என்ற தலைப்பில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

கம்பெனி தெரிந்தால் தண்டவாள அகலமும் பெரும்பாலும் தெரிந்துவிடும். சென்ட்ரல் பக்கத்துப் பாதைகள் 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள பிராட் கேஜ். எழும்பூர்ப் பக்கத்தவை நெடுங்காலம் 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜாகவே இருந்தன. பஞ்ச காலத்து நிவாரணப் பணியோடு தொடர்புடைய சிறு கிளைகள் சிலவற்றில் 762 மில்லிமீட்டர் அகலமும் உண்டு. மொரப்பூர்–தருமபுரி, திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி என்ற இரண்டும் 1941இல் மூடப்பட்ட அத்தகைய பாதைகள். அகலத்தைத் தெரிந்துகொள்வது வெறும் தகவலுக்காக அன்று. வளைவு எவ்வளவு இறுகலாம், மண் கரையின் மேற்பரப்பு எவ்வளவு அகலம் என்ற இரண்டையும் தீர்மானிப்பது அதுதான், களத்தில் நம்மைக் காப்பாற்றுவதும் அதுதான்.

ஏடுகளில் தேடுதல்

எழும்பூரில் காந்தி இர்வின் சாலையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் இந்த வேலைக்குத் தலைவாசல். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்பது தற்செயல் என்றாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆய்வுக்கான விண்ணப்பம், அடையாள அட்டை, நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதை விளக்கும் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். அங்கே 'பழைய ரயில் பாதை பற்றி ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. துறை, ஆண்டு, அரசாணை எண் என்ற மூன்றையும் வைத்துத்தான் கட்டுகளை எடுப்பார்கள். சென்னை மாகாணத்தின் பொதுப்பணித் துறை நடவடிக்கைகளில் ரயில்வே தொடர்பானவை தனியே தொகுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் அவற்றின் ஆண்டுக் குறிப்பகராதியைக் கேட்டு வாங்கி, உங்கள் கிளை திறக்கப்பட்ட ஆண்டுக்கு முந்திய பத்து ஆண்டுகளைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு கிளைப் பாதை திறப்பு விழாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே சர்வே, எதிர்ப்பு மனு, மறு சர்வே என்று காகிதத்தில் ஓடத் தொடங்கிவிடும். பாதை ஏன் ஒரு ஊரைத் தொட்டு இன்னோர் ஊரை விட்டது என்ற கேள்விக்கான விடை அந்த எதிர்ப்பு மனுக்களில்தான் இருக்கும், திறப்பு விழாச் செய்தியில் இருக்காது.

குறிப்பகராதியில் ஊர்ப் பெயர்கள் அந்தக்கால வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த வடிவத்தில் இருக்கும். காஞ்சிபுரத்தைக் 'கான்ஜீவரம்' என்றும், செங்கல்பட்டைச் 'சிங்கிள்புட்' என்றும், அரக்கோணத்தை 'ஆர்க்கோணம்' என்றும், மயிலாடுதுறையை 'மாயவரம்' என்றும் தேட வேண்டும். சிறிய ஊர்களுக்கு ஒரே தொகுதியில் மூன்று விதமான எழுத்துக்கூட்டு இருப்பதும் உண்டு. போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வோர் ஊருக்கும் சாத்தியமான வடிவங்களை எழுதி எடுத்துக்கொண்டு போனால் அரை நாள் மிச்சம்.

ஆனால் எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் மேலான ஆவணம், பலர் எட்டிப்பார்க்காத செயிண்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ்தான். 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் ரயில்வேக்காக நிலம் எடுக்கும்போது, எந்தக் கிராமத்தில் எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் எடுக்கப்படுகிறது என்பதை அரசிதழில் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த அறிவிப்புகளைக் கிராமம் கிராமமாக வரிசைப்படுத்தினால், வரைபடமே இல்லாமல் பாதையின் தடத்தை வரைந்துவிடலாம். படிக்கச் சலிப்பூட்டும் பட்டியல்தான். நாவல் படிக்கும் மனநிலையோடு உட்கார வேண்டாம். ஆனால் எடுத்த நிலம் சீரான அகலத்தில் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் மட்டும் திடீரென்று இரண்டு மடங்கு ஆனால், அங்கே ஒரு நிலையமோ கூட்ஸ் ஷெட்டோ வரவிருந்தது என்று பொருள்.

பாந்தியன் சாலையிலுள்ள கன்னிமாரா நூலகத்தில் மாவட்ட விவரச் சுவடிகளையும், பழைய ரயில்வே கால அட்டவணை கிடைத்தால் அதையும் பாருங்கள். கால அட்டவணையில் வண்டி நேரத்தைவிட நமக்கு வேண்டியது நிலையத்தின் பெயருக்கு அருகே இருக்கும் மைல் கணக்கு. சந்திப்பிலிருந்து ஒரு நிலையம் ஆறே முக்கால் மைல் என்றிருந்தால், 1.609 ஆல் பெருக்கினால் 10.9 கிலோமீட்டர்; செயற்கைக்கோள் படத்தில் கரையின் வழியே அத்தனை தூரம் அளந்து போனால் நிலையம் இருந்த இடத்துக்கு நூறு, இருநூறு மீட்டர் அருகில் வந்து நிற்பீர்கள். பொறியாளர் வரைபடங்களில் மைலுக்குக் கீழே சங்கிலிக் கணக்கு வரும்: எண்பது சங்கிலி ஒரு மைல், ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.12 மீட்டர். நம் ஊர் நில அளவையிலும் இதே சங்கிலியும் நூறு லிங்க்குமாகவே அளந்தார்கள் என்பதால், கிராமத்துப் பழைய படத்தையும் ரயில்வே படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது எளிது.

நிலப் பதிவு என்ன சொல்கிறது

தண்டவாளம் போன பிறகும் தாலுகா அலுவலகத்தின் ஏட்டில் பாதை இருந்துகொண்டே இருக்கும். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையச் சேவையில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால், கிராமத்து நிலங்களின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். அதில் ஒரு புல எண் 'ரயில்வே' என்றோ 'ரயில்வே புறம்போக்கு' என்றோ வகைப்படுத்தப்பட்டிருந்து, அந்தப் புலம் வரைபடத்தில் நீளமாக, ஒடுக்கமாக, மற்றப் புலங்களை ஊடறுத்துக்கொண்டு போனால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஊடறுப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வண்டிப்பாதையும் வாய்க்காலும் பழைய வயல் வரப்புகளை ஒட்டி வளைந்து நெளிந்து போகும். ரயில் பாதை வரப்பைப் பற்றிக் கவலைப்படாமல் வயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், வெட்டுண்ட புலத்தின் இரண்டு துண்டுகளும் 3/1, 3/2 என்று உட்பிரிவு எண் பெற்றிருக்கும். சென்னை மாநகர எல்லைக்குள் டவுன் சர்வே ஏடுதான் நடைமுறையில் இருக்கிறது. வார்டு, பிளாக் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். மறு அளவையில் எண்கள் மாறியிருக்கும் இடங்களில் பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்பதைக் காட்டும் ஒப்புப் பட்டியலைக் கேட்டுப் பெறாமல் அரசிதழ் எண்களை இன்றைய படத்தில் தேடினால், பாதை ஏரிக்குள் ஓடியது போலத் தோன்றும்.

கயிறும் அளவுகோலும்

இனிக் களத்துக்கு வருவோம். ஒரு சுற்றுச்சுவரோ, தெருவோ, மனைகளின் பின்புற எல்லையோ வளைந்து போகிறது. அது பழைய ரயில் வளைவா, அல்லது வெறும் தெருத் திருப்பமா என்ற ஐயம் வந்தால் அதைத் தீர்க்க இருபது மீட்டர் கயிறு ஒன்று போதும். வளைவின் உட்புறமாக, கயிற்றின் இரண்டு முனைகளும் சுவரைத் தொடும்படி இழுத்துப் பிடித்து, நடுவில் கயிற்றுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஐம்பதை அந்த அளவால் வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் வந்துவிடும். ரயில்வேயில் பாதை பராமரிப்போர் தண்டவாளத்தின் வளைவை அளப்பதும் இதே முறையில்தான்.

பிராட் கேஜில் அனுமதிக்கப்படும் மிக இறுக்கமான வளைவின் ஆரம் 175 மீட்டர். அப்போது கயிற்றின் நடுவில் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். மீட்டர் கேஜில் 109 மீட்டர் வரை இறுகலாம். இடைவெளி 46 சென்டிமீட்டர். 762 மில்லிமீட்டர் குறும்பாதை மட்டும் இன்னும் மிக இறுக்கமாகத் திரும்பக்கூடியது, ஆனால் சென்னையைச் சுற்றி அந்தக் கவலை நமக்கு இல்லை. அளவு ஒரு மீட்டரைத் தாண்டினால் ஆரம் ஐம்பதுக்கும் கீழே போய்விடும். அங்கே பிராட் கேஜ் வண்டியும் மீட்டர் கேஜ் வண்டியும் திரும்பியிருக்க முடியாது, அந்தச் சுவரை விட்டுவிடலாம். ஒரே இடத்தில் அளந்து முடிவு கட்டிவிடாமல், பத்துப் பத்து மீட்டர் தள்ளி நாலைந்து தடவை அளந்து பாருங்கள். ரயில் வளைவானால் நடுப்பகுதி அளவுகள் ஏறக்குறைய ஒன்றாகவும், இரு முனைகளிலும் படிப்படியாகக் குறைந்தும் வரும். தெருவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கரையா, ஏரிக்கரையா

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டிய இடம் இது. சென்னையின் மேற்குப் புறநகரில், செயற்கைக்கோள் படத்தில் அழகாக வளைந்து செல்லும் மண் மேடு ஒன்றைக் கண்டு, கிளைப் பாதையைப் பிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலில் நடந்தேன். மாலையில் மதகு ஒன்றின் அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், 'ஏரி தூர்ந்து போச்சு, கரை மட்டும் நிக்குது தம்பி' என்றார். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு பிரித்தறியும் வழிகளைக் கற்றுக்கொண்டேன். ஏரிக்கரைக்கு ஒரு பக்கம் தாழ்வாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். நீர் நின்ற பக்கத்தில் அலை அரிக்காமல் கல் பதித்திருப்பார்கள். கரை இரு முனைகளிலும் இயல்பான மேட்டு நிலத்தில் போய் முடிந்துவிடும். வழியில் மதகும், ஓரிடத்தில் மிகுதி நீர் வழிந்தோடும் கலங்கலும் இருக்கும். ரயில் கரை இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இறங்கும். அதன் மேற்பரப்பு ஒரே மட்டத்தில், ஒரே அகலத்தில் போகும்; பழைய பிராட் கேஜ் ஒற்றைப் பாதைக்கு ஆறு மீட்டர் போலவும், மீட்டர் கேஜுக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். கரையை எழுப்ப இரு மருங்கிலும் மண் தோண்டிய குழிகள் பாதையோடு பாதையாக வரிசையாக வரும்; மழைக்காலத்தில் அவற்றில் நீர் நின்று அல்லி பூத்திருக்கும், கோடையில் கருவேலம் மண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த செயற்கைக்கோள் படம் கிடைத்தால் அதில் அந்தக் குட்டைகள் மணி கோத்தது போலத் தெரியும். ஆகவே படங்களைத் தேடும்போது கோடைக்காலத்துப் படத்தோடு நின்றுவிடாமல் மழை முடிந்த மாதங்களையும் புரட்டுங்கள்.

ஏமாற்றுபவை இன்னும் உண்டு. செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு வரும் குடிநீர்த் தடம், பக்கிங்காம் கால்வாயின் கரைகள், உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே வீடு கட்டாமல் விட்ட நிலம் ஆகிய மூன்றும் மேலிருந்து பார்க்க ரயில் பாதை போலவே தோன்றும். மின்தடம் கோபுரத்துக்குக் கோபுரம் முறிந்து திரும்பும், வளையாது. மற்ற இரண்டையும் அதிகாரபூர்வ வரைபடத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கண்ணில் படும் சின்னச் சின்ன சாட்சிகள்

கரையைப் பிடித்தாயிற்று என்றால் அதன் வழியே மெதுவாக நடந்து, வாய்க்கால் குறுக்கிடும் இடங்களிலெல்லாம் இறங்கிப் பாருங்கள். இரும்புத் தூலத்தைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் இரு கரைகளிலும் அதைத் தாங்கிய கல் கட்டடத்தைப் பெயர்ப்பது கூலிக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அது அப்படியே நிற்கும். தூலம் உட்கார்ந்த பெரிய படுகைக் கல்லும் அதில் ஆணி இறங்கிய துளைகளும் இருந்தால் சந்தேகமில்லை. வில் வளைவாகச் செங்கல்லில் கட்டிய சிறுபாலமானால் இன்றும் அதன்மேல் டிராக்டர் போய்க்கொண்டிருக்கும்.

நிலையம் இருந்த இடத்தில் சுவரைவிட நடைமேடையை முதலில் தேடுங்கள். ஒரு வீட்டின் அடித்தளம் நான்கு பக்கமும் செங்குத்தாக முடியும். நடைமேடை நீளவாக்கில் இரு முனையிலும் சரிந்து தரையோடு கலக்கும். அருகே மண்ணைக் கிளறினால் கரிக்கிட்டம் கிடைக்கலாம், நீராவி எஞ்சின் நின்று சாம்பல் கொட்டிய இடம் அது. அளவுக்கு மீறிப் பெரிய கிணறும், தொட்டி இல்லாமல் வெறுமனே நிற்கும் கல் தூண்களும் எஞ்சினுக்கு நீர் பிடித்த இடத்தைக் காட்டும். எஞ்சியிருக்கும் சுவரில் இடுப்புயரத்துக்குச் சற்று மேலே சின்னதாக ஒரு துளை, அதன் அடியில் கைபட்டுத் தேய்ந்த கல் பலகை இருந்தால் அதுவே டிக்கெட் கொடுத்த இடம்.

பெயர்த்த தண்டவாளமும் முழுவதும் போய்விடுவதில்லை. நறுக்கிய துண்டுகளை ரயில்வே தன் நில எல்லையில் கம்பமாக நட்டிருக்கும்; ஊரார் மாட்டுக் கொட்டகைக்குத் தூணாகவும் கூரைக்கு உத்தரமாகவும் வைத்திருப்பார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டுத் தண்டில் உருட்டாலையின் பெயர், எடை வகை, ஆண்டு ஆகியவை புடைப்பெழுத்தில் இருக்கும். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து விழும். அதில் உள்ள ஆண்டு தண்டவாளம் உருட்டப்பட்ட ஆண்டே தவிரப் பாதை திறந்த ஆண்டு அன்று. முதன்மைப் பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கழற்றிக் கிளைப் பாதையில் போடுவது எல்லா நிர்வாகங்களுக்கும் வழக்கம். ஆகவே பாதையைவிடத் தண்டவாளம் மூத்ததாக இருப்பது வியப்பன்று.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

'இந்தப் பாதையை எந்த ஆண்டு மூடினார்கள்?' என்று கேட்டால் ஆளுக்கோர் ஆண்டு சொல்வார்கள், எல்லாரும் உறுதியாகவே சொல்வார்கள். ஆண்டைக் கேட்காமல் நிகழ்ச்சியோடு கோத்துக் கேளுங்கள். 'ஐயா, எம்.ஜி.ஆர். இறந்தப்போ இங்க வண்டி ஓடிச்சுங்களா?', 'அம்மா, உங்க மூத்த பையனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்போ கேட்டு இருந்துச்சா?' என்றால் விடை நேராக வரும். சென்னை சுற்றுவட்டாரத்தில் 1987 டிசம்பர், 2004 சுனாமி, 2015 வெள்ளம் என்று யாரும் மறக்காத கொளுக்கிகள் இருக்கின்றன. தேநீர்க் கடையில் கேட்பதைவிட, அந்தப் பகுதியில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகவோ கேட் கீப்பராகவோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துப் போய்ப் பார்ப்பது மேல். ஒரு கேங்மேனுக்குத் தம் நாலைந்து கிலோமீட்டரின் ஒவ்வொரு சிறுபாலமும் எண்ணோடு நினைவிருக்கும். பேருந்து நிறுத்தங்களின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட் போய் இரண்டு தலைமுறை ஆன பிறகும் நடத்துநர் 'ரயில்வே கேட்டெல்லாம் இறங்கு' என்று கூவிக்கொண்டிருப்பார்.

எங்கே தொடங்கலாம்

பழகுவதற்கு ஏற்றது வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து பாடி வழியாக அண்ணா நகருக்குப் போன மூன்று கிலோமீட்டர் அளவிலான சிறு கிளை. 2003இல் பயணியர் மின்வண்டி விட்டு, பாடிச் சந்திப்பில் மேம்பாலப் பணி நடந்தபோது 2007இல் நிறுத்திவிட்டார்கள். நினைவு வைத்திருப்பவர்கள் ஏராளம், செயற்கைக்கோளின் பழைய படங்களில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைப் பார்க்கலாம். வாய்மொழியும் படமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிசகுகின்றன என்பதை இங்கே கற்றுக்கொண்டால் பிறகு உதவும்.

அடுத்தது அரக்கோணம்–காஞ்சிபுரம். இந்தியன் டிராம்வே கம்பெனி 1865இல் மூன்றடி ஆறங்குல அகலத்தில், அதாவது 1067 மில்லிமீட்டரில் போட்டது. 1878இல் மீட்டர் கேஜ் ஆயிற்று, பிறகு பிராட் கேஜும் ஆயிற்று. இங்கே பழைய பாதை மறையவில்லை, புதிய பாதையின் அடியில் படுத்திருக்கிறது. இத்தகைய இடங்களில் தேட வேண்டியது பாதையை நேராக்கியபோது கைவிட்ட வளைவுத் துண்டுகளையும், நடைமுறைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே தனித்து நிற்கும் பழைய தூண்களையும்தான். கடற்கரை–தாம்பரம் தடமும் இந்த இனமே: 1931இல் மின்மயமான மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 ஜூலை 1 வரை அதில் ஓடின.

கடினமானது செங்குன்றத்துப் பாதை. சாலை போடுவதற்குச் செம்புரைக்கல் ஏற்றி வர, செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை 1837இல் ஓடிய அதுவே இந்தியாவின் முதல் ரயில் பாதையாகக் கருதப்படுகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதில் ஈடுபட்டிருந்தார். நிலம் கையகப்படுத்தல் சட்டத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது என்பதால் சர்வே எண் பட்டியல் கிடைக்காது. இதற்குக் களத்தைவிட ஆவணக் காப்பகமே கதி. கயிற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

மூன்றையும் முடித்தவர்கள் ஒரு நீண்ட விடுமுறையில் மயிலாடுதுறை போய், 1926இல் திறந்து 1980களின் நடுவில் நின்றுபோன தரங்கம்பாடிக் கிளையை நடந்து பார்க்கலாம். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஊர்கள் வரிசையாக வரும். கரை, சிறுபாலம், குட்டை, பெயர் என இங்கே சொன்ன எல்லாவற்றையும் ஒரே பாதையில் சோதித்துப் பார்க்க வாய்ப்புள்ள இடம் அது.

நடப்பதிலும் எழுதுவதிலும் கவனிக்க வேண்டியவை

வண்டி ஓடாத பாதையும் ரயில்வே நிலமாக இருக்கலாம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அனுமதியின்றி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். பொதுச்சாலை பாதையைக் குறுக்கிடும் இடங்களிலிருந்து பார்ப்பதே முறை. கரை தனியார் வயலாகிவிட்டிருந்தால் உரியவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பட்டா தகராறுக்காக அளக்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால், கயிற்றை எடுப்பதற்கு முன்பே வந்த காரியத்தைச் சொல்லிவிடுவது நல்லது. எந்தப் பொருளையும் எடுத்து வர வேண்டாம். பழைய எஞ்சினையும் கைகாட்டியையும் கிட்டத்தில் பார்க்க ஆசையிருந்தால் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

கண்டதை அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, எந்தத் திசை நோக்கி நின்று எடுத்த படம், எந்தத் தேதி என்ற நான்கும் இருக்க வேண்டும். வரைபடத்தில் மூன்று நிறம் பயன்படுத்துங்கள்: ஆவணத்திலும் களத்திலும் கண்டது கறுப்பு, இரண்டில் ஒன்றில் மட்டும் கண்டது நீலம், ஊகம் சிவப்பு. என் முதல் படம் முக்கால்வாசி சிவப்பாகத்தான் இருந்தது. அரசிதழில் ஒரு கிராமத்தின் பட்டியல் கிடைக்கும்போதெல்லாம் சிவப்புக் கோட்டில் ஒரு துண்டை அழித்து நீலத்தால் வரைவேன், போய்ப் பார்த்துவிட்டு வந்து அதன்மேல் கறுப்பை ஏற்றுவேன். ஏரிக்கரையை வரைந்திருந்த துண்டை மட்டும் அழிக்காமல், பக்கத்தில் 'ஏரி' என்று எழுதி அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.